உண்டு என்றார் சீலோ, எடுத்துத் தருகிறது கணினி

நார்வேயில் ஃபிரெட்ரிக்ஸ்ஹால்ட் என்ற ஊரில் 40 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர் லுட்விக் சீலோ. அந்த வேலைக்கு நடுவே 1872இல் பத்துப் பக்கச் சொச்சத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இது: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் திருப்பிச் செய்தாலும் தொகுப்பைவிட்டு வெளியேறாத மாற்றங்களின் தொகுப்பைக் குலம் என்போம்; முடிவுறு குலம் ஒன்றின் உறுப்புகளை எண்ணுங்கள். ஒரு பகா எண்ணின் எந்த அடுக்கு அந்த எண்ணை மீதியின்றி வகுத்தாலும், அத்தனை உறுப்புகள் கொண்ட உட்குலம் உள்ளே கட்டாயம் உண்டு. முடிவுறு குலங்களைப் பற்றி இதைவிடப் பயனுள்ள தேற்றம் இல்லை என்பேன்.

உண்டு, சரி. எங்கே? அன்று கைக்கு அடங்கியவை சிறிய குலங்கள்தான். இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஒழுங்குத் திண்மத்தைச் சுழற்றும் வழிகள் 60; எதிரெதிர் முனைகளை இணைக்கும் ஆறு அச்சுகளும் ஐந்து உறுப்பு உட்குலங்கள் ஆறையும் கண்முன் காட்டிவிடும். நம் கல்லூரிகளில் எம்.எஸ்சி. வகுப்பு இன்றும் ஏறக்குறைய இங்கேயே நின்றுவிடுகிறது. அது எனக்கு வருத்தம். ஏனென்றால் சுவையான கதை இதற்குப் பிறகுதான்.

ரூபிக் கனசதுரத்தின் மாற்றங்களும் ஒரு குலம்தான்; அதன் நிலைகள் 43252003274489856000. இந்த எண்ணை 3இன் 14ஆம் அடுக்கு வகுக்கும். ஆக 47,82,969 உறுப்புகள் கொண்ட உட்குலம் ஒன்று அதற்குள் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? வலப்பக்கம் ஒரு கால் சுற்று, மேற்பக்கம் ஒரு கால் சுற்று. இந்த ஜோடியை 105 முறை செய்தால் கனசதுரம் பழைய நிலைக்குத் திரும்பும். 105 என்பது 3, 5, 7 ஆகியவற்றின் பெருக்கல். எனவே 35 முறையோடு நிறுத்தினால் கையில் இருப்பது, மூன்று தடவையில் தன்னிலைக்கு வரும் ஒரு மாற்றம். அது உண்டாக்கும் மூன்று உறுப்பு உட்குலமே விதை. அந்தச் சிறு உட்குலத்தைக் கலைக்காத மாற்றங்களுக்குள் தேடி இன்னொன்றைச் சேர்த்தால் அது வளரும். முழு அளவை எட்டும்வரை இப்படி வளர்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் 'கலைக்காத மாற்றங்கள்' எவை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. புள்ளிகளை இடம்மாற்றும் பொதுவான வரிசைமாற்றக் குலங்களில் அதை எப்போதும் விரைவாகச் செய்யும் அல்காரிதம் இன்றுவரை கிடைக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் சார்லஸ் சிம்ஸ், புள்ளிகளை ஒவ்வொன்றாக அசையாமல் நிறுத்திப் பெரிய குலத்தைப் படிப்படியாகச் சுருக்கும் முறையைத் தந்தார். பிறகு ஜான் கேனனும் கிரெகரி பட்லரும், ஓர் உறுப்போடு முன்பின் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாத உறுப்புகளை மட்டும் திரட்டி, கலைக்காதவற்றைத் தேடும் சுமையிலிருந்து தப்பினார்கள். இன்று குலங்களைக் கணக்கிடும் 'கேப்' மென்பொருளில் ஒரே வரிக் கட்டளை போதும்.

என்னை வியக்கவைப்பது 1985தான். எந்த வரிசைமாற்றக் குலத்திலும் பல்லுறுப்புக்கோவை நேரத்துக்குள், அதாவது உள்ளீடு பெருகினாலும் கட்டுக்கடங்கி வளரும் நேரத்துக்குள், சீலோ சொன்ன முழு அளவு உட்குலத்தை எடுத்துவிடலாம் என்று வில்லியம் கேண்டர் நிறுவினார். அதற்கு அவர் ஊன்றிய கோல், மேலும் சிறிதாகப் பிரிக்க முடியாத முடிவுறு எளிய குலங்கள் எல்லாவற்றையும் வகைப்படுத்தும் தேற்றம். அதன் நிரூபணம் சுமார் 10,000 பக்கங்கள் என்பார்கள். அதிலிருந்த கடைசிப் பெரிய ஓட்டை அடைபட்டதே 2004இல்தான். 'உண்டு' என்று சொல்லப் பத்துப் பக்கம், 'இதோ' என்று உறுதியாக எடுத்துத்தர இத்தனை பெரிய மலை!

அணிகளால் ஆன குலங்களில் வேலை இன்னும் முடியவில்லை. அங்கே ஓர் உறுப்பு எத்தனையாவது பெருக்கலில் தன்னிலைக்கு வரும் என்று துல்லியமாகச் சொல்லவே மிகப் பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதை விரைவாகச் செய்யும் வழி சாதாரணக் கணினிக்கு இன்னும் தெரியாது.