பாலீர்ப்பு: பிறவியா, வளர்ப்பா, விருப்பமா?

மகனோ மகளோ தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று தெரியவந்ததும், “எங்கள் வளர்ப்பில் என்ன குறை?” என்று பெற்றோர் பலர் கலங்கிப்போகிறார்கள். சேர்க்கை சரியில்லை, சினிமாவும் செல்போனும் கெடுத்துவிட்டன என்று காரணம் தேடுகிறார்கள். இதுவரை நடந்துள்ள ஆய்வுகள் அந்தக் கலக்கத்தைத் தீர்க்கப் போதுமானவை.

மரபணுவின் பங்கு

2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 4,70,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை அலசியது. தன்பாலீர்ப்புக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. ஒவ்வொன்றும் கொஞ்சமாகப் பங்களிக்கும் மரபணுக்கள் பல உண்டு. மரபணுப் பரிசோதனை செய்து ஒருவரின் பாலீர்ப்பைச் சொல்லிவிட முடியாது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்குத் தன்பாலீர்ப்பும் மற்றவருக்கு எதிர்பாலீர்ப்பும் இருப்பதுண்டு.

கருப்பையின் பங்கு

அப்படியானால் மிச்சமெல்லாம் வளர்ப்புதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்களின் எண்ணிக்கை கூடக்கூட, தம்பிக்குத் தன்பாலீர்ப்பு இருக்கும் வாய்ப்பும் சற்றுக் கூடுவதைக் கனடா ஆய்வாளர்கள் ரே பிளான்சார்ட், ஆன்டனி போகார்ட் இருவரும் கண்டறிந்தனர். கூடவே வளர்ந்த தத்து அண்ணன்களால் இந்த வாய்ப்பு கூடவில்லை என்று போகார்ட் 2006இல் காட்டினார். ஆகவே, காரணத்தைக் கருப்பையில்தான் தேட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அண்ணன்கள் பலர் இருந்தாலும், தம்பிகளில் பெரும்பாலோர் எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களே.

பண்பாடு செய்வது என்ன?

பெற்றோரின் கண்டிப்போ செல்லமோ ஒருவரின் பாலீர்ப்பைத் தீர்மானிப்பதாகச் சான்று இல்லை. அதை வெளியே சொல்ல முடியுமா, சொன்னால் வீட்டில் இடம் இருக்குமா என்பவற்றைத்தான் பண்பாடு தீர்மானிக்கிறது. யாருடன் வாழ்வது என்பதை ஒருவர் முடிவுசெய்யலாம்; யார்மீது ஈர்ப்பு வரவேண்டும் என்று முடிவுசெய்ய முடியாது.

‘மாற்றும் சிகிச்சை’ வேண்டாம்

உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோயே இல்லாதபோது சிகிச்சை எதற்கு? பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லித் தரப்படும் சிகிச்சைகள் பலன் தருவதில்லை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடியவை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இச்சிகிச்சை அளிப்பதை மருத்துவரின் தொழில் ஒழுக்க மீறலாக அறிவித்தது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

• ‘கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்’ என்று திருமணம் செய்துவைக்காதீர்கள். அது இரண்டு பேரின் வாழ்க்கையைக் குலைக்கும்.

• பிள்ளையின் சம்மதமின்றி உறவினரிடம் சொல்லாதீர்கள்.

• தூக்கமின்மை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை மனச்சோர்வுக்குத்தான், பாலீர்ப்புக்கு அல்ல. ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416இல் எந்நேரமும் இலவச ஆலோசனை பெறலாம்.

பாலீர்ப்பு எப்படி உருவாகிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நெடுங்காலம் தொடரலாம். அது முடியும்வரை உங்கள் பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள். “நாங்கள் இருக்கிறோம்” என்று இன்றே சொல்லுங்கள்.