இரண்டு தனுஷ்கோடிகள்

1914 முதல் 1964 வரை சென்னையிலிருந்து கொழும்பு சென்றவர்கள் தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் வேறு ரயில் பிடித்தார்கள். நடுவில் கடல் இல்லாதிருந்தாலும் ஒரே ரயில் ஓடியிருக்க முடியாது. இங்கே இருப்புப்பாதையின் அகலம் 1 மீட்டர், அங்கே 1.676 மீட்டர். கணிப்பொறிகளுக்கிடையே கோப்புகள் போய்வரும்போதும் பாதைச் சிக்கல் உண்டு.

ஒரு கோப்பு எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்று காட்டும் முகவரியே கோப்புப் பாதை. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸும் இன்றைய மாக்கும் பெயர்களுக்கிடையே / என்ற சாய்கோட்டை இடுகின்றன. விண்டோஸ் \ என்று எதிர்ப்புறம் சாய்க்கிறது. இதில் தத்துவம் ஒன்றுமில்லை. 1981இல் வந்த டாஸ் கட்டளைகளில் / வேறு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தது. 1983இல் கோப்புறைகள் வந்தபோது \ குறியை எடுத்துக்கொண்டார்கள். அன்றியும், லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோஸ் வழக்கமாக அப்படிக் கொள்வதில்லை. தமிழில் அந்த வேற்றுமை இல்லையே என்று மகிழ வேண்டாம். நமக்கென்று வேறொன்று இருக்கிறது.

பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என ஊருக்கொரு கோப்புறை வைத்துக் கடல்மட்ட அளவுகளைச் சேர்ப்பதாகக் கொள்வோம். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிக்கோடில் ஒரே எண்ணாகவும் தரலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்களாகவும் தரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ‘தனுஷ்கோடி’ முதல் முறையில் 9 எண்கள், மறு முறையில் 10. யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் 27, 30 என்று நீளமே மாறிவிடுகிறது.

1998இல் வந்த மாக் கோப்பு முறை இத்தகைய குறிகளைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். எனவே லினக்ஸ் கணிப்பொறியில் இரண்டு தனுஷ்கோடிகள் அருகருகே நிற்கக்கூடும். ஏப்ரல் வரையுள்ள அளவுகள் ஒன்றில், மே முதல் மற்றதில்! நிரல் ஒன்றை மட்டும் திறந்து ஆண்டுச் சராசரியைத் தவறாகக் கணக்கிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. தொண்டிக்கு உண்டு.

கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயரே வேண்டாம் என்பது சிலரின் யோசனை. எனக்கு உடன்பாடில்லை. சாய்கோட்டைக் கையால் எழுதாமல், பாதையை இணைக்கும் வேலையை மொழியின் நூலகத்திடமே விடலாம். பைத்தானில் 2014 முதல் இதற்கென ‘பாத்லிப்’ இருக்கிறது. ஆனால் அது ஓகாரத்தைச் சீராக்காது. பெயர்களைச் சேமிக்கும் முன்பும் ஒப்பிடும் முன்பும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுவது தனி வேலை. இரண்டு கோப்புறைகள் ஏற்கெனவே உருவாகியிருந்தால் வெறுமனே பெயரை மாற்றக் கூடாது. ஒன்றிலுள்ள கோப்புகளை, அதே பெயரில் மற்றதில் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நகர்த்த வேண்டும்.