டியூப்லைட்டில் காய்க்குது மிளகாய்!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் மனுஷனுக்குக் கொண்டாட்டம். மிளகாய்ச் செடிக்குத் திண்டாட்டம்!

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுப் பக்கமிருந்து வீசும் காற்றும் தூறலும் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் மூன்றையும் குளுகுளுவென்று ஆக்கிவிடுகின்றன. அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து சூடாக மிளகாய் பஜ்ஜி கடிக்கிற நமக்கு அது சொர்க்கம். மொட்டை மாடித் தொட்டியில் நிற்கிற மிளகாய்ச் செடிக்கோ வெயில் பஞ்சம். பூ உதிரும். ஈரத்தில் நுனி கருகும். காய் அழுகும். தப்பித்தவறி நாலு காய் பிழைத்தால், இருக்கவே இருக்கிறார் குற்றாலத்துக் குரங்கார். தின்னமாட்டார். பிய்த்துப் போட்டுவிட்டுப் போவார்!

அதனால்தான் என்னைப்போல வாடகை ரூமில் இருக்கிற ஆபீஸ் ஆசாமிகள் சிலர் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து, லைட் போட்டு வளர்க்கிறோம். இதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கார ஆச்சி கேட்ட கேள்வி இது:

"ஏய்யா, மிளகாய்க்கு எதுக்குய்யா டியூப்லைட்டு? அது என்ன பரீட்சைக்கா படிக்குது?"

லைட் சமாச்சாரம் ரொம்பச் சுலபம், ஆச்சி. நாலடி நீளமுள்ள ஷெல்ஃப். அதன் மேலே 20 வாட் எல்.இ.டி. டியூப் நாலு. 'கூல் டேலைட்' என்று விற்கிற வெள்ளை வெளிச்சமே போதும். செடியின் நுனிக்கும் லைட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தினம் 14 மணி நேரம் எரியவேண்டும், பத்து மணி நேரம் இருட்டு. (செடிக்கும் தூக்கம் வேணுமில்லையா?) ஒரு நாளைக்கு 1.12 யூனிட். இரண்டு மாச பில்லில் 67 யூனிட் கூடும். ஆச்சியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்!

சிக்கல் லைட்டில் இல்லை, சார். எந்த மிளகாயைப் போடுவது என்பதில்தான் இருக்கிறது. ஏனென்றால் தப்பான ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் நாலைந்து மாசத்துக் கரண்ட்டும் பொறுமையும் காலி. கையில் மிஞ்சுவது இலை மட்டும்தான்.

நம்ம பையன்கள் முதலில் தேடுவது காரத்தில் யார் சாம்பியன் என்று. காரத்தை அளக்க 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகவேண்டியது. எத்தனை மடங்கு ஊற்றினால் காரம் தெரியாமல் போகிறதோ, அதுதான் அதன் மார்க். 2007-ல் நம்ம அஸ்ஸாம் பக்கத்து பூத் ஜோலோகியா பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸில் ஏறியது. 2013-ல் கரோலினா ரீப்பர் அந்தப் பட்டத்தைப் பிடித்தது. 2023-ல் 'பெப்பர் எக்ஸ்' சுமார் 27 லட்சத்தோடு வந்து ரீப்பரையும் உட்கார வைத்துவிட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூத் ஜோலோகியா விதை முளைக்கவே சில சமயம் ஒரு மாசம் ஆகும். பழம் பழுக்க ஐந்தாறு மாசம். செடியோ புதராக விரிந்து ஷெல்ஃபை முழுசாக அடைத்துக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டுப் பழுத்த பழத்தை என்ன செய்வது? ஒன்றைக் கிள்ளிப் போட்டால் ரூமில் நாலு பேருக்கும் குழம்பு பாழ். அமெரிக்காவில் போட்டிக்காக ரீப்பர் தின்ற 34 வயது ஆள், மண்டையைப் பிளக்கிற தலைவலியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை 2018-ல் மருத்துவப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. வீரம் வேண்டியதுதான், அதற்காக சாம்பாரிலா?

சரி, ரகத்தை எப்படித்தான் பார்ப்பது? வழி காட்டியவர்கள் நாசாக்காரர்கள். 2021-ல் விண்வெளி நிலையத்தில் மிளகாய் பயிரிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் இல்லை, வெயில் இல்லை. நம்ம ஷெல்ஃப் மாதிரியே எல்.இ.டி. வெளிச்சம்தான். அதற்காக இரண்டு வருஷம் உட்கார்ந்து இரண்டு டஜனுக்கும் அதிகமான ரகங்களைச் சோதித்தார்கள். கடைசியில் தேறியது நியூ மெக்ஸிகோவின் 'எஸ்பனோலா இம்ப்ரூவ்டு' என்ற சாதாரணச் சமையல் மிளகாய். உலக சாம்பியன் இல்லை! சின்ன இடத்தில் அடங்குமா, சீக்கிரம் காய்க்குமா, பூ எளிதில் காயாகுமா, சாப்பிட நன்றாக இருக்குமா... இவைதான் அவர்கள் போட்ட கணக்கு. 137 நாளில் நாலு செடியில் 26 மிளகாய். பறித்ததில் ஒரு பங்கை வைத்து மேகன் மெக்ஆர்தர் 'டாகோ' செய்து சாப்பிட்டார். (அவர்கள் ஊர் சப்பாத்தி ரோல்!)

அதே கணக்கை நம்ம ஊர் மிளகாய்க்குப் போட்டுப் பார்ப்போம்.

குண்டு மிளகாய்: ராமநாதபுரம் முண்டு என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். பலசரக்குக் கடை வத்தலில் இருக்கிற விதையே பெரும்பாலும் முளைக்கும். நான் கடையில் போய், "அண்ணாச்சி, விதைக்கு நல்ல குண்டு வத்தலாக் குடுங்க" என்றேன். "விதைக்கா? நான் குழம்புக்குல்லா விக்கேன்!" என்றார். மூன்று மூன்றரை மாசத்தில் காய். மானாவாரியில் வளர்ந்து பழகியது என்பதால், நாம் இரண்டு நாள் தண்ணி ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. முதல் தொட்டி இதற்குத்தான்.

காந்தாரி: செங்கோட்டையைத் தாண்டினால் கேரளாவில் வீட்டுக்கு வீடு நிற்கும். தென்னை நிழலிலேயே வளர்ந்த செடி என்பதால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். காய் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, காரமோ காதில் புகை. ஆனால் முளைக்க இரண்டிலிருந்து நாலு வாரம், காய்க்க நாலைந்து மாசம். விட்டால் இடுப்பு உயரம் போகும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடங்கும். வருஷக் கணக்கில் காய்க்கிற செடி. டிரான்ஸ்ஃபர் வராத உத்தியோகஸ்தர்களுக்கு ஏற்றது.

சம்பா மாதிரி நீள மிளகாய்: சமையலுக்கு ராஜா. ஆனால் நெட்டையாக வளர்ந்து லைட்டில் முட்டும். மாடியில் வெயில் அடிக்கிற மாசங்களுக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

கடைப் பாக்கெட்டில் 'ஹைபிரிட்' விதை வாங்கினால் ஒன்று தெரிந்திருக்கட்டும். அந்தப் பழத்து விதையை மறுபடி போட்டால் அம்மா மாதிரியே பிள்ளை பிறக்காது. நாட்டு ரகத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறையில் குண்டுக்குக் காந்தாரி மூக்கு முளைக்கலாம்!

ரூமுக்குள் காற்றும் தேனீயும் ஏது? மிளகாய்ப் பூ தனக்குத்தானே மகரந்தம் போட்டுக்கொள்ளும். கொஞ்சம் ஆட்டிவிட்டால் போதும். பூக்கிற நாட்களில் டேபிள் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். நாசாக்காரர்களும் ஃபேன் வைத்துத்தான் ஆட்டினார்கள். ஒரு எச்சரிக்கை: அறைச் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டிவிடும். ஆகவே மே மாசம் ஆரம்பிக்காதீர்கள். சாரல் குளிர்ச்சியில் ஆரம்பியுங்கள். வெளியே அழுகுகிற அதே சீஸனில் உள்ளே காய்க்கும்.

"இதெல்லாம் எதுக்குப்பா, கால் கிலோ மிளகாய் வாங்கினா போச்சு" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். கணக்குப் பார்த்தால் கடை மிளகாய்தான் மலிவு. ஆனால் ஆபீஸ் விட்டு ராத்திரி எட்டு மணிக்கு ரூமுக்கு வந்து, பழைய சோற்றில் தயிரை ஊற்றி, பக்கத்துச் செடியிலிருந்து ஒரு காந்தாரியைக் கிள்ளிக் கடித்துப் பாருங்கள். மேனேஜர் சொன்னது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வராது!