பழைய எண்ணும் வேண்டும்: மருத்துவமனையின் மையக் காப்பு சர்வர்

சிறுநீரகப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் ஒருவருக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இன்று 1.8 என்று வந்திருப்பதாகக் கொள்வோம். கடந்த மூன்றாண்டுகளாக அது 1.7-க்கும் 1.9-க்கும் இடையிலேயே நின்றிருந்தால், மருந்துகளைத் தொடரச் சொல்லி மூன்று மாதம் கழித்து வரச் சொல்வோம். சென்ற மாதம் அதுவே 0.9 ஆக இருந்திருந்தால், அன்றே உள்நோயாளியாகச் சேர்க்க நேரிடும். எண் ஒன்றுதான், அதன் பொருளைத் தீர்மானிப்பது பழைய பதிவு. “அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமே, டாக்டர்” என்று உடன் வருவோர் சொல்வதுண்டு. இருக்கிறதுதான். ஆனால் அந்தக் கணினி பழுதானால் என்ன ஆகும் என்று கேட்பவர் அரிது. எங்கள் வளாகத்தில் மையக் காப்பு சர்வர் ஒன்று நிறுவப்பட்டுள்ள இவ்வேளையில், அக்கேள்விக்கு விடை சொல்வது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

ஆய்வகம், ஸ்கேன் பிரிவு, டயாலிசிஸ் கூடம், மருந்தகம் என ஒவ்வொரு பிரிவும் தன் பதிவுகளைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, மாலையில் ஒருவர் ஹார்டு டிஸ்கைச் செருகி நகலெடுத்து வைப்பது பல மருத்துவமனைகளில் நெடுநாளைய வழக்கம். அவர் விடுப்பில் சென்றால் அன்று நகல் இல்லை. அந்த ஹார்டு டிஸ்கும் பெரும்பாலும் அதே மேசையின் இழுப்பறையில்தான் கிடக்கும். மேசைக்கு நேரும் கேடு நகலுக்கும் நேரும்.

மையக் காப்பு சர்வர் என்பது இப்பொறுப்பை மனிதரின் நினைவாற்றலிலிருந்து எடுத்துவிடும் ஏற்பாடு. வளாகத்தின் உள் வலையமைப்பில், பூட்டிய தனி அறையில், அதற்கென ஒரு கணினி இயங்குகிறது. நள்ளிரவுக்குப் பின், வலையமைப்பில் நெரிசல் குறைந்த நேரத்தில், அது ஒவ்வொரு பிரிவின் கணினியாகச் சென்று அன்றைய பதிவுகளைத் தானே எடுத்துக்கொள்கிறது. வாரம் ஒருமுறை முழு நகல். மற்ற இரவுகளில் அன்று மாறியவை மட்டும். இந்தச் சிக்கனம் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். சி.டி. ஸ்கேனின் ஒரு படம் ஏறத்தாழ அரை மெகாபைட் இடம் கொள்ளும். ஒரே பரிசோதனையில் 500 படங்கள் இருந்தால் 250 மெகாபைட். அனைத்தையும் தினந்தோறும் முழுதாக நகலெடுக்க முயன்றால், விடிந்து புறநோயாளர் பிரிவு திறக்கும் நேரத்திலும் அது முடிந்திராது.

சர்வர்தான் பிரிவுகளின் கணினிகளிடமிருந்து எடுக்கிறது; அக்கணினிகள் சர்வருக்குள் எதையும் எழுதவோ அழிக்கவோ இயலாது. இந்த ஒருவழிப் பாதையை நாங்கள் வற்புறுத்திக் கேட்டுப் பெற்றோம். காரணம் 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிகழ்ந்தது. இணையத் தாக்குதலில் அங்கு மின்-மருத்துவமனைச் செயலி இயங்கிய ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, அவற்றிலிருந்த தரவுகள் திறக்க இயலாதபடி பூட்டப்பட்டன. பதிவு, அனுமதி, ஆய்வக முடிவு யாவும் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. பெரும்பாலான பணிகள் மீள இரண்டு வாரம் ஆனது. தாக்குதலுக்கு ஆட்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்தே தரவுகள் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அந்த ஒன்றும் பூட்டப்பட்டிருந்தால் நிலை என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பு என்பதை வேறொன்றோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. ஒரே சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்து, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் உடனுக்குடன் பதியுமாறு செய்வது நல்ல ஏற்பாடுதான். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது இரண்டிலும் அதே நொடியில் அழியும். ஆகையால்தான் சர்வரில் நேற்றைய நகலோடு, சென்ற வாரத்தினதும் சென்ற மாதங்களினதும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒரு தவறு மூன்று வாரம் கழித்துத் தெரியவந்தாலும், அதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம். இவற்றின் மறையாக்கம் செய்யப்பட்ட நகல் ஒன்று வளாகத்துக்கு வெளியேயும் இருக்கிறது. நெருப்பும் வெள்ளமும் சர்வரையும் கணினியையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னையைக் கண்டவர்கள் எவரும் சர்வர் அறையைத் தரைத்தளத்தில் வைக்க ஒப்பமாட்டார்கள்.

இவ்வளவும் செய்த பின்னும், எங்களைப் பொறுத்தவரை வேலையில் பாதிதான் முடிந்தது. எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். “நகலெடுப்பு வெற்றி” என்று திரையில் பச்சை எழுத்தில் வருவதை நாங்கள் நம்புவதில்லை. மாதம் ஒருமுறை ஒரு பிரிவைத் தேர்ந்து, அதன் பதிவுகளை வெற்றுக் கணினி ஒன்றில் மீட்டெடுக்கச் சொல்கிறோம். டயாலிசிஸ் கூடத்தின் முறை வரும்போது செவிலியர்களே அமர்ந்து சரிபார்க்கிறார்கள். கணினிப் பிரிவினருக்குக் கோப்பு திறந்தால் நிறைவு. செவிலியர் பார்ப்பது வேறு. நோயாளியின் உலர் எடை இருக்கிறதா, ஹெப்பாரின் அளவு சரியா, ஃபிஸ்டுலா எந்தக் கையில், ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனை முடிவு உரிய பெயரின் கீழ்தான் நிற்கிறதா என்று தாள் குறிப்போடு ஒப்பிடுகிறார்கள். உலர் எடை இரண்டு கிலோ கூடுதலாகப் பதிவாகியிருந்தால் அவ்வளவு நீர் உடலில் தங்கிவிடும். அன்றிரவே மூச்சுத்திணறல் வரலாம். குறைவாகப் பதிவாகியிருந்தால் இரத்த அழுத்தம் சரிந்து நாற்காலியிலேயே மயங்குவார். மீட்டெடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். காலை முறைக்கு நோயாளிகள் வந்து காத்திருக்கும்போது அந்த நேரம் வெறும் எண்ணாக இராது.

மின்சாரமோ வலையமைப்போ அறுந்த நாளில் மீட்டெடுக்கும் வரை பொறுத்திருக்க முடியாது என்பதால், டயாலிசிஸ் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட ஒரு தாள் இன்னும் வைத்திருக்கிறோம். பழைய முறை என்று சிலர் நகைப்பதுண்டு. இருக்கட்டும்.

நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் இதில் பங்குண்டு. வெளியே எடுத்த ஸ்கேனைப் பென்டிரைவில் கொண்டு வந்து, “இதில் போட்டுப் பாருங்கள்” என்று ஆலோசனை அறையில் நீட்டும்போது நாங்கள் மறுக்கிறோம். அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். தீங்கிழைக்கும் மென்பொருள் வலையமைப்புக்குள் நுழையும் வழிகளில் பென்டிரைவும் ஒன்று. ஸ்கேன் பிரிவின் முகப்பில் கொடுத்தால், வலையமைப்பில் இணையாத கணினியில் சோதித்த பின்னர் படங்களை ஏற்றிக்கொள்வார்கள்.

வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், இ.சி.ஜி., ஒவ்வாமை தரும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுக்கும்போது பெயரும் தேதியும் படத்துக்குள் வரவேண்டும். தேதியில்லாத கிரியேட்டினின் எங்களுக்குப் பயன்படுவதில்லை. அதே படங்களை மகளின் கைபேசியிலோ மருமகனின் கைபேசியிலோ அனுப்பி வைப்பது நன்று. நள்ளிரவில் வேற்றூர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் எங்கள் சர்வர் உங்களோடு வராது.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்ற உடனாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். பழைய பதிவின் நகல் தேவைப்படுவோர் அடையாள அட்டையுடன் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். நோயாளி வர இயலாவிடில் அவர் கையொப்பமிட்ட கடிதத்தை உடன் கொண்டு வரவும்.