குளிர்கால அலுப்பும் எங்கள் சாப்பாடும்

கார்த்திகை பிறந்தால் ரொம்மனில் எம்மவர் பலரின் முறைப்பாடு ஒன்றுதான்: “டொக்டர், ஒரே அலுப்பு, மனமும் சரியில்லை.” காரணங்கள் பல. அவற்றில் விற்றமின் டி குறைபாட்டை நாம் இலகுவில் மறந்துவிடுகிறோம். கண்டியிலும் ஒஸ்லோவிலும் வாழும் இலங்கையரை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஒஸ்லோவில் வாழ்பவர்களின் இரத்தத்தில் இது வெகு குறைவாக இருந்தது. இங்கத்தைய குளிர்கால வெயிலில் தோல் இதைத் தயாரிக்காது. சோற்றிலும் பருப்பிலும் இது இல்லை. கொழுப்பு மீனில் உண்டு. ரின் மக்ரலை வெங்காயம், பச்சைமிளகாயோடு வதக்கிப் புட்டுக்குச் சாப்பிட்டுப் பாருங்கள், ருசி குறையாது. நோர்வேஜியரின் திரான் எண்ணெய் மணக்கிறதென்றால் குளிசையாக எடுக்கலாம். நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம்; 75 வயதுக்கு மேல் 20. இது மனச்சோர்வுக்கு மருந்தல்ல. அலுப்பு வாரக்கணக்கில் நீடித்தால் இரும்புச்சத்து, தைரொயிட், சீனி மூன்றையும் குடும்ப வைத்தியரிடம் சோதியுங்கள்.