விட்டுவருதலும் விடைகொடுத்தலும்

தில்லையடி என்ற பெயரைக் கேட்டவுடன், தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு 1914ஆம் ஆண்டு இளவயதிலே உயிர்நீத்த வள்ளியம்மையும், அவருடைய குடும்பத்தின் பூர்வீகமாகிய தமிழ்நாட்டுச் சிற்றூரும் பலருடைய நினைவுக்கு வருதல் இயல்பு. இலங்கையிலும் அப்பெயர் கொண்ட ஊரொன்று உண்டு. புத்தளம் நகரை அடுத்து, உப்பளங்களும் கடனீரேரியும் உள்ள கரையோரப் பகுதியில் அது அமைந்திருக்கின்றது. பழைய வானொலிப் பெட்டியையோ கைத்தொலைபேசியையோ நீக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்கும்போது மனித உள்ளத்தில் எழும் இருவகை உணர்ச்சிகளை ஆராய்வதற்கு இவ்வூர் மிகவும் ஏற்றது. ஏனெனில், இங்கு வாழ்வோரிற் பலர், ஒரு காலத்தில் வீடு நிறைந்த பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் விட்டுவந்தவர்கள். அல்லது அவ்வாறு விட்டுவந்தவர்களின் மக்கள்.

புதிய கருவி வீட்டுக்கு வரும்போது மகிழ்ச்சி உண்டாவதை யாரும் மறுப்பதில்லை. ஒலி தெளிவாக இருக்கின்றது. வேலை விரைவாக முடிகின்றது. ஆயினும், பழைய கருவியைக் கையில் எடுத்து வெளியே போட முனையும் வேளையில் கை சற்றே தயங்குகின்றது. அந்தத் தயக்கத்தைச் சிலர் கஞ்சத்தனம் என்பர். சிலர் மூடப்பற்று என்பர். மொழியிலே பழைய வழக்குகள் மறைந்து புதியவை தோன்றுவது காலத்தின் இயல்பாதலின், அது குற்றமாகாது என்று நன்னூல் விதி செய்தது. பொருள்களுக்கும் அவ்விதி பொருந்தும். ஆனால், ஒரு செயல் குற்றமன்று என்பதனால் அது வருத்தம் தராது என்பது பெறப்படுவதில்லை. இத்தயக்கத்தின் உட்பொருளை அறிந்துகொண்டால், எதை வைத்திருப்பது, எதை விடுவது என்ற தெளிவும் பிறக்கும்.

இலங்கையில் வானொலியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியினால், 1925ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 16ஆந் திகதி கொழும்பிலிருந்து ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கியவை. விசையைத் திருப்பியவுடன் அவை பேசமாட்டா. வால்வுக்குள் இருக்கும் இழை சூடேற வேண்டும்; பின்னரே மெல்லிய இரைச்சல் எழும்; அதன்பின் குரல் வரும். வெளியே உயரமான கம்பங்களில் ஏரியல் கம்பி கட்டவேண்டும். அனுமதிப்பத்திரத்துக்குத் தபாற் கந்தோரிலே பணம் கட்டவேண்டும். ஊரில் ஒரு வீட்டிலோ கடையிலோ பெட்டி இருந்தால், அயலவர் அங்கே கூடுவர். எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரலை ஒருவர் தனியே கேட்டது குறைவு. பலர் கூடிக் கேட்டதே மிகுதி.

1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டிலே திரான்சிஸ்டர் வானொலி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதற்குச் சூடேறும் இழையும் வேண்டியதில்லை. வீட்டு மின்சாரமும் வேண்டியதில்லை. சிறு பற்றரிகள் போதும். மீனவர் அதைத் தோணியில் எடுத்துச் சென்றனர். உழவர் வரப்பில் வைத்துக் கேட்டனர். இவ்வாறு வால்வுப் பெட்டி மூலைக்குப் போயிற்று. மின்சாரம் எட்டாத சிற்றூருக்கும் செய்தி எட்டியமை பெரிய இலாபம். கூடிக் கேட்ட வழக்கம் மெல்லக் குறைந்தமை அதனோடு வந்த நட்டம். ஒரு கருவி போகும்போது அதனைச் சுற்றியிருந்த வாழ்க்கைமுறையில் ஒரு பகுதியும் உடன்போகின்றது. தயக்கத்தின் முதற் காரணம் இதுவே.

பின்னர் ஒலிநாடாக் கருவி வந்தது. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் அதனை ஊருக்குக் கொண்டுவந்தனர். எழுத்தறியாத தாய்க்கு மகன் ஒலிநாடாவிலே பேசி அனுப்பினான். தாயும் அவ்வாறே பேசி விடையனுப்பினாள். 1979ஆம் ஆண்டு தொலைக்காட்சி வந்தது. 1989ஆம் ஆண்டு, தென்னாசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை இலங்கையில் தொடங்கியது. ஆயினும், சாதாரண மக்களின் கைக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன.

அதற்கு அடுத்த ஆண்டிலேதான் வடமாகாண முஸ்லிம்களின் வாழ்க்கை தலைகீழாயிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் பிற்பகுதியில், 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் 30ஆந் திகதி ஒலிபெருக்கி மூலம் அறிவித்தல் செய்து, இரண்டு மணிநேர அவகாசமே அளித்தனர். உடுத்த உடையும் சிறுதொகைப் பணமும் தவிர, ஏனையவற்றை எடுத்துச்செல்ல விடவில்லை. நகைகளும் பறிக்கப்பட்டன. அலுமாரியில் இருந்த புகைப்படங்கள், மேசைமேல் இருந்த வானொலி, குடும்பத்தாரின் குரல் பதிந்த ஒலிநாடாக்கள் யாவும் அங்கேயே நின்றுவிட்டன. வந்தவர்களிற் பெரும்பகுதியினருக்குப் புத்தளம் மாவட்டம் புகலிடம் தந்தது. தில்லையடி, ஆலங்குடா, கற்பிட்டி முதலிய இடங்களிலே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அயலவரான புத்தளம் மக்கள் தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தனர்.

மின்சாரமில்லாத கொட்டிலில் பற்றரியால் இயங்கும் வானொலியின் அருமை சொல்லற்பாலதன்று. ஊரின் நிலை என்ன என்பதை அறியவும், சிதறிப்போன உறவினரின் மரண அறிவித்தலைக் கேட்கவும், முஸ்லிம் சேவையின் நோன்புகால நிகழ்ச்சிகளைக் கேட்கவும் அது பயன்பட்டது. அவர்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்திலும் அதே காலத்தில் வானொலிக்கு அத்தகைய மதிப்பே இருந்தது. அங்கே மின்சாரம் இல்லை; பற்றரி கொண்டுசெல்வதற்குத் தடை. ஆதலால் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் மக்கள் செய்தி கேட்டனர். கடனீரேரிக் கரையிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், பிரிக்கப்பட்ட இரு சமூகத்தாரும் ஒரே வகைப் பெட்டியருகே காதுகொடுத்து உட்கார்ந்திருந்தனர் என்பது வரலாற்றின் ஒரு துயரமான ஒற்றுமை.

பொருளுக்கும் அதனை உடையவனுக்கும் உள்ள இத்தொடர்பை அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். ரசல் பெல்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஒருவன் நெடுங்காலம் வைத்திருக்கும் பொருள்கள் அவனுடைய ‘தான்’ என்னும் உணர்வின் பகுதியாகிவிடுகின்றன என்று 1988ஆம் ஆண்டு எழுதினார். திருட்டினாலோ அழிவினாலோ அவற்றை இழந்தவன், தன்னிலேயே ஒரு பகுதி குறைந்ததாக உணர்கின்றான். 1990ஆம் ஆண்டு கானமான், நெட்ச், தேலர் என்னும் மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சிலருக்குச் சாதாரணக் குவளைகளைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டனர். குவளை பெறாதவரிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டனர். உடையவர் கேட்ட விலை, வாங்குவோர் தர முன்வந்த விலையைப்போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சற்றுமுன் கைக்கு வந்த குவளைக்கே இவ்வளவு பற்றென்றால், முகாம் வாழ்வில் துணைநின்ற வானொலிக்கு எவ்வளவு இருக்கும்!

தில்லையடி வீடொன்றில் இப்படி ஓர் உரையாடல் நடப்பதாகக் கருதிப் பார்க்கலாம். “வாப்பா, இந்த ரேடியோ பாடி எத்தனை வருடமாயிற்று? இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?” என்கின்றான் மகன். “கொட்டிலுக்கு நாங்கள் முதலில் வாங்கின சாமான் மகன் இது. இதை வாங்கின பிறகுதான் இங்கேயும் சீவிக்கலாம் என்று மனதுக்குப் பட்டது” என்கிறார் தந்தை. மகன் காண்பது ஒரு பழுதான பெட்டி. தந்தை காண்பது, எல்லாம் போனபின் மீண்டும் தொடங்கிய வாழ்வின் சான்று. இருவர் கூற்றும் உண்மையே. வயது வேறுபாட்டினால் இந்தப் பிணக்கு எழுவதாகக் கருதுவது போதாது. ஒருமுறை பலவந்தமாக இழந்தவனுக்கு, தானே விரும்பி விடுவதும் அந்தப் பழைய இழப்பைப் போலத் தோன்றுகின்றது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டு மணிநேரத்தில் விட்டுவருவது வேறு; வேண்டியதை எடுத்துக்கொண்டு, உரிய காலத்தில் விடைகொடுப்பது வேறு.

இனி, கருவிகள் ஏன் கெடுகின்றன என்பதையும் அறிதல் வேண்டும். பழைய வானொலியில் வால்வு பழுதானால் வால்வை மாற்றலாம். உள்ளே ஓர் உறுப்புக் காய்ந்துபோனால், திருத்துபவர் பற்றாசு வைத்து வேறொன்றைப் பொருத்திவிடுவார். கைத்தொலைபேசி அத்தகையதன்று. அதன் லிதியம் பற்றரி மின்னேற்றந்தோறும் சிறிது சிறிதாக ஆற்றல் இழக்கின்றது. அதனை எளிதிற் கழற்ற முடியாதபடி பல கருவிகளில் ஒட்டிவிடுகின்றனர். உடல் நன்றாக இருந்தும், உற்பத்தியாளர் புதிய மென்பொருள் வழங்குவதை நிறுத்தியதும் கருவி பயனற்றதாகிவிடுகின்றது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து செம்பு இணைப்புகளில் களிம்பேற்றுகின்றது. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் இலங்கை ரூபாயின் மதிப்பு வீழ்ந்து விலைகள் உயர்ந்தபோது, பழையதைத் திருத்திப் பயன்படுத்துவதன் அருமையைப் பலர் உணர்ந்தனர். ஆதலின், மாற்றுவதற்கு முன் திருத்த முடியுமா என்று கேட்பது சிக்கனம் மட்டுமன்று, அறிவுடைமையுமாகும்.

திருத்த முடியாத நிலை வந்தால், முதற் கடமை உள்ளே இருப்பதைக் காப்பதாகும். 1990இல் பெற்றோரின் திருமணப் படத்தையும் இழந்த குடும்பங்களுக்கு, இன்று கைத்தொலைபேசியே படத்தொகுப்பு. மறைந்த உம்மாவின் குரல் அதில் ஒரு சிறு பதிவாக இருக்கலாம். கருவி திடீரென்று அணைந்துபோனால் அதுவும் உடன்போகும். ஆதலால், கருவி நன்றாக இயங்கும்போதே படங்களையும் குரற்பதிவுகளையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வைத்தல் வேண்டும். ஈரக்காற்றிற் பூஞ்சை பிடிக்கும் ஒலிநாடாக்களையும் காலந்தாழ்த்தாமல் மாற்றிப் பதிதல் நன்று. பிறருக்குக் கொடுக்குமுன் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றி, கணக்குகளை நீக்கி, உள்ளிருப்பதை முற்றாக அழித்துவிட வேண்டும்.

அடுத்த கடமை, உடலை உரிய இடத்திற் சேர்ப்பதாகும். உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடித் தொன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று எனவும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது எனவும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகின்றது. இவற்றிலே ஈயமும் பாதரசமும் கட்மியமும் உண்டு. செம்பு எடுப்பதற்காகக் கம்பிகளை எரித்தால் நச்சுப் புகை எழும். குப்பை எங்கே போகின்றது என்ற கேள்வி புத்தளம் மக்களுக்குப் புதியதன்று. கொழும்பின் குப்பையை இம்மாவட்டத்து அருவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018ஆம் ஆண்டில் அவர்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். பிறர் குப்பை தம் மண்ணுக்கு வருவதை எதிர்த்தவர்கள், தம் வீட்டுப் பற்றரியும் மின்சுற்றும் கடனீரேரிக்குப் போகாமற் பார்த்துக்கொள்வது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியேயாகும்.

ஆகவே, பழைய கருவிகளை மூன்றாகப் பகுக்கலாம். இயங்குவதைத் தேவையுடையவரிடம் கையளிக்கலாம். பள்ளி மாணவனுக்கு அது புதிய கருவியே. இயங்காததையும் நினைவு தங்காததையும் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம். குடும்ப வரலாற்றுக்குச் சான்றாக நிற்கும் ஒன்றை மாத்திரம், அது பாடாவிட்டாலும், பற்றரியைக் கழற்றித் துடைத்து வைத்துக்கொள்ளலாம். அதன் அருகே, அது எப்போது, எந்த நிலையில் வாங்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தல் சாலச் சிறந்தது. எழுதாத நினைவு உடையவரோடு போய்விடும். எழுதி வைத்தால் அந்தப் பெட்டி பேரப்பிள்ளைகளுக்கும் செய்தி சொல்லும்.

புதியதை விரும்புவது பழையதற்குச் செய்யும் துரோகமன்று. பழையதை நினைந்து வருந்துவது அறியாமையுமன்று. விட்டுவருவதற்கு இரண்டு மணிநேரம் மட்டுமே பெற்ற மக்களுக்கு, விடைகொடுப்பதற்குப் போதிய நேரம் கிடைப்பதே ஒரு பேறு. அந்த நேரத்தை மூத்தவர்களுக்கு அவசரமின்றி அளித்தல் இளையோர் கடமையாகும்.