கொண்டி விழும் சத்தம்

சிட்னியில் வீட்டு நீச்சல்குளத்தைச் சோதிக்க வரும் ஆய்வாளர், தண்ணீரைவிடக் கேட்டைத்தான் உற்றுப் பார்ப்பார். அகலத் திறந்து கையை எடுப்பார். அது தானாக வந்து சாத்திக்கொள்ள, கொண்டி ‘டக்’கென்று விழ வேண்டும். அடுத்து, நாலு விரல் நுழையுமளவு மட்டும் திறந்து விடுவார். கஷ்டமான பரீட்சை இதுதான். கொஞ்சமாகத் திறந்த கேட்டுக்கு வேகம் இராது. கீலில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கொண்டியில் சும்மா சாய்ந்து நின்றுவிடும். பார்க்க மூடியது போலத்தான் தெரியும். மூன்று வயதுப் பிள்ளை இழுத்தால் திறந்துகொள்ளும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992இன் நீச்சல்குளச் சட்டப்படி, 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கும் குளம் எதுவானாலும் வேலி கட்டாயம். உயரம் குறைந்தது 1.2 மீட்டர். அடியில் 10 செ.மீ.க்கு மேல் சந்து கூடாது. கேட் குளத்துக்கு வெளிப்புறமாகவே திறக்க வேண்டும். வெளியிலிருந்து குழந்தை சாய்ந்து தள்ளினால் அது இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. 1990 ஆகஸ்டுக்கு முன் கட்டிய சில பழைய குளங்கள் போன்றவற்றுக்குச் சலுகை உண்டு. மற்றபடி வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலும் வேலி வேண்டும். கொல்லைக்கதவைத் திறந்தால் தண்ணீர் என்ற நிலை இருக்கக் கூடாது.

வேலி சரியாக இருந்தும் கோட்டை விடுவது சாமான்களால்தான். வேலியை ஒட்டிய பூந்தொட்டி, விருந்தன்று நகர்த்திப் போட்ட நாற்காலி எல்லாமே குழந்தைக்கு ஏணி. அதைவிட மோசம், சாப்பாட்டுத் தட்டோடு போய்வர வசதியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கு முட்டுக் கொடுக்கும் செங்கல். அந்த ஒரு செங்கல் சட்டம் முழுவதையும் செல்லாததாக்கிவிடும்.

‘நாங்கள்தான் பக்கத்திலேயே இருக்கிறோமே’ என்பார்கள். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையாட்டுவதில்லை. மூச்சுக்கே வாய் மேலே வராதபோது கூப்பிடக் குரல் ஏது? திரும்பி உட்கார்ந்து போன் பேசுகிறவருக்கு ஒன்றுமே கேட்காது.

வேலியால் தடுக்க முடியாத ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி, 2002இல் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதால் மூழ்கி இறந்தாள். தாய் விடாமல் போராடினார். 2007இல் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. அங்கே விற்கும் வடிகால் மூடிகள் இப்போது அதற்கான தரநிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

சிட்னியில் தமிழர்கள் நிறைந்த வென்ட்வொர்த்வில் போன்ற புறநகர்களில் குளமுள்ள தனிவீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் தகுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம்; 2016 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஆனால் கோடையில் கடையில் வாங்கிக் காற்றடித்து நிரப்பும் பிளாஸ்டிக் குளத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 30 செ.மீ. தாண்டினால் அதற்கும் வேலி உண்டு. சின்னதாகவே இருந்தாலும், ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி விட்டால் ராத்திரி மழை நிரப்பிவிடும்.